முன்னால் படித்தாலும் பின்னால் படித்தாலும்: மாலைமாற்று எண்களை எண்ணுவது எப்படி?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செமிலிங்கில் எங்கள் கோயில் மண்டபத்தில் சமய வகுப்பு முடிந்து, பிள்ளைகள் பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலில் வெளியூர்க்காரர் ஒருவரின் கார் நின்றிருந்தது. அதன் நம்பர் 7337. படிவம் மூன்று படிக்கும் தம்பி ஒருவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, இந்த நம்பர் ரெண்டு பக்கமும் ஒன்னாதானே வருது? இது ராசியான நம்பராம். இந்த மாதிரி கண்ணுல பட்டா உடனே எடுத்துடணும்னு எங்க மாமா சொல்வாரு."

'எடுப்பது' என்றால் என்ன என்று நமக்குள் விளக்கம் தேவையில்லை. நாலு நம்பர்தான். கனவில் வந்தது, விபத்தான காரில் இருந்தது, பிறந்த குழந்தையின் எடை என்று எதையும் நான்கு இலக்கமாக்கி எழுதும் பழக்கத்தைப் பார்த்தே நாம் வளர்ந்திருக்கிறோம்.

நான் அவனைத் திட்டவில்லை. "சரி தம்பி, ரெண்டு பக்கமும் ஒன்னா வர்ற நாலு நம்பர் மொத்தம் எத்தனை இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

யோசித்தான். "ஒரு இருபது முப்பது இருக்குமா அண்ணே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல வருடங்களுக்கு முன்னால் என் அப்பாவும் கிட்டத்தட்ட இதே பதிலைத்தான் சொன்னார். அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொண்டேன். பேனாவும் ஒரு தாளும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே போட்டுப் பார்க்க வேண்டிய பாடம் இது.

மாலைமாற்று என்றால் என்ன?

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'விகடகவி' என்று எழுதுங்கள். வி, க, ட, க, வி. கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படியுங்கள். அதே விகடகவிதான். தெனாலிராமன் கதைகளில் அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் இது. 'கைரேகை', 'பாப்பா', 'தேரு வருதே' ஆகியவையும் அப்படித்தான். நாம் மலேசியாவில் எழுதும் 'திகதி' என்ற சொல்லையும் திருப்பிப் பாருங்கள், மாறாது. இந்தத் திகதிக்குப் பிறகு திரும்பி வருவோம்.

மாலையை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் பூக்களின் வரிசை ஒன்றாகவே இருப்பது போல, முன்னும் பின்னும் ஒன்றாக வரும்படி பாடுவதைத் தமிழில் 'மாலைமாற்று' என்பார்கள். திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே சீர்காழியைப் பற்றி ஒரு முழுப் பதிகத்தை இப்படிப் பாடியிருக்கிறார். மூன்றாம் திருமுறையில் 117ஆவது பதிகமாக இருக்கிறது. மொத்தம் 11 பாடல்கள். ஒவ்வொரு பாடலையும் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாடல் வரும். கோயிலில் திருமுறை நூல் இருந்தால் எடுத்து ஒரு பாடலையாவது திருப்பிப் படித்துப் பாருங்கள்.

எண்ணுக்கும் இதே விதிதான். 7337, 555, 12321, 44 ஆகியவற்றைத் திருப்பினால் மாறாது. இவற்றை நாம் மாலைமாற்று எண்கள் என்று சொல்வோம். 7338ஐத் திருப்பினால் 8337 ஆகிவிடும். அது மாலைமாற்று இல்லை.

எண்ணை மாலையாகப் பார்த்தவர் நம் நாட்டுப் பழைய கணித ஆசிரியர்களிலும் உண்டு. மகாவீரர் என்ற சமணக் கணித மேதை 9ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், இன்றைய கர்நாடகப் பகுதியில் வாழ்ந்தவர். 'கணித சார சங்கிரகம்' என்பது அவர் எழுதிய நூல். அதில் பெருக்கல் பாடத்தில் மாணவர்களுக்கு அவர் கொடுத்த கணக்குகளில் சில, விடையாகக் கழுத்தணி போல இரு பக்கமும் ஒத்த எண்களைத் தரும். மூன்றை மட்டும் தருகிறேன். கணிப்பான் இல்லாமல் போட்டுப் பாருங்கள்.

139 × 109 = 15151
152207 × 73 = 11111111
27994681 × 441 = 12345654321

கடைசிக் கணக்கைப் போட்டு முடித்த மாணவன் முகம் எப்படி இருந்திருக்கும்! தப்பில்லாமல் போட்டால்தான் அந்த மாலை கட்டி முடியும். ஓர் இலக்கம் பிசகினாலும் அறுந்துவிடும். விடை சரியா என்று வாத்தியாரிடம் கேட்கவே வேண்டியதில்லை, விடையே சொல்லிவிடும். இந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் மா. ரங்காச்சாரியார். அது 1912இல் சென்னையில் வெளிவந்தது.

அப்பாவின் 555 நோட்டு

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் அப்பா பால் மரம் சீவியவர். விடியும் முன் பிரட்டுக்குப் போய், மங்கு மங்காகப் பால் எடுத்து, மதியத்துக்குள் ஸ்டோரில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார். குடிப்பழக்கம் கிடையாது. யாரிடமும் சண்டை கிடையாது. ஒரே ஒரு பழக்கம் உண்டு. புதன், சனி, ஞாயிறு, வாரத்தில் மூன்று நாள் நாலு நம்பர்.

எடுத்த நம்பரையெல்லாம் ஒரு சின்ன 555 நோட்டில் எழுதி வைப்பார். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அதே நோட்டுதான். 'ரெண்டு பக்கமும் ஒன்னா இருந்தா அது சாமி நம்பரு' என்பது அப்பாவின் நம்பிக்கை. 2882, 1441, 7337 என்று பக்கம் பக்கமாக இருக்கும். அந்த நோட்டின் பேரே ஒரு மாலைமாற்று எண்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் படிவம் ஒன்றுக்குப் போன வருடம், பள்ளிச் செலவுக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அந்த வாரமும் அப்பா நம்பர் எடுத்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவருக்கு உதவ வேண்டும் என்றுதான் தோன்றியது. சாமி நம்பர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்பா தேடி அலைய வேண்டாமே!

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். நினைவுக்கு வந்தபடி, 1221, 4554, 9009, 3773... இடையில் எழுதியதையே மறுபடி எழுதினேன். சிலவற்றை விட்டேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் 83. மறுபடி எண்ணினால் 81. எது சரி என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் கணக்கு ஆசிரியரிடம் தாளைக் காட்டினேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் தாளைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டார். "நாலு இலக்கத்துல எத்தனை இலக்கத்த நீ முடிவு பண்ற? எத்தனை இலக்கம் தானா வருது?" அடுத்தது, "முதல்ல பூஜ்யம் வரலாமா, கூடாதா?"

எண்ணும் வித்தை முழுவதும் இந்த இரண்டு கேள்விக்குள் இருக்கிறது.

பாதியை எழுது, மீதி தானே வரும்

நான்கு கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். முதல் கட்டத்தில் 7 என்று எழுதுங்கள். உடனே கடைசிக் கட்டம் 7 ஆகிவிட்டது. அதில் உங்களுக்கு வேறு வழியே இல்லை. இரண்டாவது கட்டத்தில் 3 எழுதுங்கள். மூன்றாவதும் 3 ஆகிவிட்டது. ஆக, நான்கு கட்டம் இருந்தாலும் நீங்கள் முடிவு செய்தது இரண்டை மட்டும்தான்.

முதல் கட்டத்தில் எத்தனை இலக்கம் வரலாம்? சாதாரண எண் என்றால் பூஜ்யத்தில் தொடங்காது. 0770 என்று யாரும் எழுதுவதில்லை, 770 என்றுதான் எழுதுவோம். ஆகவே 1 முதல் 9 வரை, 9 வழிகள். இரண்டாவது கட்டத்தில் பூஜ்யமும் வரலாம். 10 வழிகள். முதல் கட்டத்தின் ஒவ்வொரு வழிக்கும் இரண்டாவது கட்டத்தில் 10 வழி இருப்பதால் பெருக்க வேண்டும். 9 × 10 = 90.

நான்கு இலக்க மாலைமாற்று எண்கள் மொத்தம் 90. பட்டியல் போட வேண்டாம், ராத்திரி கண்விழிக்க வேண்டாம்.

மூன்று இலக்கம்? முதலும் கடைசியும் ஒன்று, நடு இலக்கம் தனியாக நிற்கும். முதலுக்கு 9 வழி, நடுவுக்கு 10 வழி. மறுபடியும் 90தான். இரண்டு இலக்கம் என்றால் 11, 22 என்று 99 வரை 9. ஓர் இலக்கம் எப்படித் திருப்பினாலும் அதுவேதான், ஆகவே 1 முதல் 9 வரை 9.

பட்டியலாகப் பாருங்கள்.

1 இலக்கம்: 9
2 இலக்கம்: 9
3 இலக்கம்: 90
4 இலக்கம்: 90
5 இலக்கம்: 900
6 இலக்கம்: 900

ஏன் இரண்டு இரண்டாக ஒரே எண்ணிக்கை வருகிறது? நீங்கள் முடிவு செய்யும் கட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 3 இலக்கத்திலும் 4 இலக்கத்திலும் இரண்டு கட்டம். 5 இலக்கத்திலும் 6 இலக்கத்திலும் மூன்று கட்டம். இலக்கங்கள் இரட்டைப்படை என்றால் சரிபாதி. ஒற்றைப்படை என்றால் நடுவில் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்துக்கு 9, மற்ற ஒவ்வொரு கட்டத்துக்கும் 10 என்று பெருக்கிக்கொண்டே போங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. 7 இலக்கம் என்றால் நான்கு கட்டம். 9 × 10 × 10 × 10 = 9,000. அவ்வளவுதான்.

நம் நாட்டில் கார் நம்பர் 1 முதல் 9999 வரை போகும். அதில் மாலைமாற்று எத்தனை? 9 + 9 + 90 + 90 = 198. சிலர் பெருமைக்காகக் கூடுதல் பணம் கட்டி இந்த மாதிரி நம்பரை ஏலத்தில் எடுக்கிறார்கள். ஒவ்வொரு புது வரிசை தொடங்கும்போதும் 198 வந்துகொண்டேதான் இருக்கும். நூற்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு கார்.

இப்போது ஆசிரியரின் இரண்டாவது கேள்வி. நாலு நம்பரில் பூஜ்யம் முதலில் வரலாம். அங்கே 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 நம்பர். 0770 என்பதும் ஒரு நம்பர்தான். ஆகவே முதல் கட்டத்துக்கும் 10 வழி. 10 × 10 = 100. முன்னே கண்ட 90உடன் 0000, 0110, 0220 என்று 0990 வரை பத்து சேர்ந்துகொள்கிறது. ராத்திரி முழுக்க எழுதிய என் பட்டியலில் இந்தப் பத்தில் ஒன்றுகூட இல்லை. எதை எண்ணுகிறோம் என்று முதலில் தெளிவாகச் சொல்லாவிட்டால் எவ்வளவு கவனமாக எண்ணினாலும் தப்புதான்.

பதினொன்றின் பிள்ளைகள்

90 எண்களையும் வரிசையாகப் பாருங்கள். 1001, 1111, 1221, 1331... ஒவ்வொன்றுக்கும் இடையில் 110. 1991க்குப் பிறகு 2002, அங்கே மட்டும் இடைவெளி 11. 110ம் 11ஆல் வகுபடும், 11ம் வகுபடும். தொடங்கிய 1001ம் 11 × 91. அப்படியானால் இந்த 90 எண்களும் 11ஆல் மீதியில்லாமல் வகுபட்டே ஆக வேண்டும். 7337ஐ வகுத்துப் பாருங்கள், 667 வரும். 2882க்கு 262 வரும்.

காரணமும் எளிதுதான். 7337 என்பதில் 7 ஆயிரத்திலும் இருக்கிறது, ஒன்றிலும் இருக்கிறது. ஆக 7 × 1001. 3 நூறிலும் பத்திலும் இருக்கிறது. ஆக 3 × 110. இரண்டு பகுதியும் 11ஆல் வகுபடுவதால் கூட்டுத்தொகையும் வகுபடும். 6 இலக்கம், 8 இலக்கம் என்று இரட்டைப்படையில் இலக்கங்கள் உள்ள எல்லா மாலைமாற்று எண்ணுக்கும் இது பொருந்தும். ஆனால் மூன்று இலக்கத்தில் பொருந்தாது. 555ஐ 11ஆல் வகுத்தால் மீதி நிற்கும்.

இப்படி எண்களோடு விளையாடிப் பார்ப்பதற்குப் பெரிய பட்டம் எதுவும் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் த. ரா. கப்ரேக்கர் (1905–1986). கணிதத்தில் மேற்பட்டம் பெற்றவர் அல்ல. 11 × 11 = 121, 111 × 111 = 12321, 1111 × 1111 = 1234321 என்று போகும் மாலைமாற்று எண்களை ஆராய்ந்து, அவற்றுக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயரை வைத்து 'தெம்லோ எண்கள்' என்று அழைத்தார். அவர் 1949இல் கண்டுபிடித்த 6174 என்ற எண் இன்று உலகமெங்கும் அவர் பெயரால் வழங்குகிறது.

யாரும் இன்னும் விடை காணாத கேள்வியும் இதில் உண்டு. ஓர் எண்ணை எடுத்து, அதைத் திருப்பி, இரண்டையும் கூட்டுங்கள். 57 + 75 = 132. பிறகு 132 + 231 = 363. மாலைமாற்று வந்துவிட்டது. 89ஐ எடுத்தால் 24 முறை கூட்ட வேண்டும், ஆனாலும் வந்துவிடும். 196ஐ எடுத்தால்? கணினிகள் கோடிக்கணக்கான இலக்கங்கள் வரை கூட்டிப் பார்த்தும் வரவில்லை. ஒருநாளும் வராது என்று நிரூபித்தவரும் இல்லை. கூட்டல் தெரிந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குப் புரியும் கேள்வி, உலகப் பேராசிரியர்களுக்கும் விடை தெரியாது. கணக்கு நமக்கு வராது என்று கூடுதல் கணிதப் பாடத்தைக் கைவிட நினைக்கும் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பீடோங்கிலிருந்து செமிலிங் வரும் சாலையில் ஒரு பல்கலைக்கழகமே நிற்கிறது. அதன் வாசலை நாம் பஸ்ஸில் இருந்து பார்த்துக்கொண்டே போனால் போதுமா?

அந்த நூறும் அப்பாவும்

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, உங்க சாமி நம்பரு மொத்தம் நூறு இருக்கு."

"நூறா?" என்றார். "நான் ஒரு இருபது முப்பதுனுல்ல நெனச்சேன்."

இருபது முப்பது என்று நினைத்ததால்தான் அது அபூர்வம் என்று தோன்றியது. அபூர்வம் என்பதால் ராசி என்று தோன்றியது. ஆனால் நூறு நம்பர் இருந்தாலும் சரி, இருபது இருந்தாலும் சரி, வாங்குவது ஒரு நம்பர்தானே! 10,000 நம்பரில் ஒன்று. 7337க்கு முதல் பரிசு விழும் வாய்ப்பும் 7338க்கு விழும் வாய்ப்பும் ஒன்றே, பத்தாயிரத்தில் ஒன்று. குலுக்கும் உருண்டைக்குத் திருப்பிப் படிக்கத் தெரியாது.

பிறகு அந்த 555 நோட்டை எடுத்தேன். அப்பா மூன்று நாளும் இரண்டிரண்டு வெள்ளி கட்டுவார். வாரத்துக்கு 6 வெள்ளி. வருடம் 52 வாரம். 6 × 52 = 312 வெள்ளி. கீழே கோடு போட்டு எழுதிக் காட்டினேன். நோட்டு முழுவதிலும் சிவப்பு மையில் வட்டம் போட்ட நம்பர் ஒன்றே ஒன்று. அது அடித்த நாளை அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். அடிக்காத நாட்களைப் பற்றிச் சொன்னதே இல்லை.

அப்பா ரொம்ப நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தோடு எவ்வளவுக்கு வச்சோம்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சொன்ன தொகை 312ஐவிடக் குறைவு. யாரும் மேற்கொண்டு பேசவில்லை.

அன்றோடு விட்டுவிட்டார் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மூன்று நாள் என்பது ஒரு நாளாக ஆனது. அதற்கே ஒரு வருடம் பிடித்தது. தோடு திரும்பி வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் நின்றது. நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது.

இன்றைய கணக்கையும் போட்டுக் காட்டிவிடுகிறேன். நாலு நம்பரில் 'பெரிய' வகைக்கு ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. அடுத்த பத்து நம்பருக்கு ஆளுக்கு 180, ஆறுதல் பரிசு பத்து நம்பருக்கு ஆளுக்கு 60. கூட்டுங்கள்.

2,500 + 1,000 + 500 + 1,800 + 600 = 6,400 வெள்ளி.

பத்தாயிரம் நம்பரையும் ஒருவரே ஒரு வெள்ளிக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பரிசும் அவருக்கே. ஆனால் கட்டியது 10,000, கைக்கு வந்தது 6,400. நட்டம் 3,600 வெள்ளி! எல்லா நம்பரையும் வாங்கியவருக்கே இந்த கதி. ஒரு சாமி நம்பரை வாங்கியவர் நிலைமை என்ன? ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாக 36 காசு போய்க்கொண்டே இருக்கும். இப்போது கடைக்குக்கூடப் போக வேண்டாம், கைப்பேசியிலேயே எல்லாச் சூதாட்டமும் வருகிறது. அதனால் இந்தக் கணக்கு நமக்கு இன்னும் அவசியம்.

நளனும் தான்றி மரமும்

இதைக் கோயில் மண்டபத்தில் சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். நம் இதிகாசமே சொல்லியிருக்கிறது. மகாபாரதத்தில் வன பருவத்தில் வரும் நளன் கதையை நினைத்துப் பாருங்கள். சூதாடி நாட்டை இழந்து, மனைவியைப் பிரிந்து, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபர்ணனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். போகும் வழியில் ஒரு தான்றி மரம். அந்தக் காலத்தில் சூதாட உருட்டிய காய் தான்றிக்காய்தான் என்பதையும் கவனியுங்கள். இருதுபர்ணன் மரத்தைப் பார்த்தவுடனே, இரண்டு கிளைகளில் இத்தனை இலை, 2,095 காய் என்று சொல்லிவிடுகிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, காய்களை எண்ணிப் பார்க்கிறான். மன்னன் சொன்னது சரியாக இருக்கிறது. தனக்குத் தெரிந்த குதிரை வித்தையைக் கொடுத்து, அந்த எண் வித்தையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அந்த அறிவு வந்தவுடனே, அவனைப் பிடித்திருந்த கலி அவன் உடலைவிட்டு வெளியேறுகிறான்.

இந்தக் கதையை அந்தத் தம்பியிடம் சொன்னபோது அவன் விடவில்லை. "அப்புறம் நளன் மறுபடி ஆடி ஜெயிச்சாருல்ல அண்ணே? அப்ப கணக்கு கத்துக்கிட்டா நானும் ஜெயிக்கலாம்தானே?"

நல்ல கேள்வி. நளன் ஆடிய ஆட்டத்தில் காயை எண்ணும் திறமைக்கு இடம் இருந்தது. உருண்டை குலுக்கி எடுக்கும் ஆட்டத்தில் யார் திறமைக்கும் இடம் இல்லை. அங்கே கணக்கு நமக்குச் சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான்: ஆடாதே. "ஜெயிக்கிற வழிய இல்லடா தம்பி, கலி வெளிய போற வழியத்தான் கணக்கு காட்டுது" என்றேன். சிரித்துவிட்டு, 7337ஐ 11ஆல் வகுக்க உட்கார்ந்தான்.

திகதிக் கணக்கு

கடைசியாக, சொன்னபடி திகதிக்கு வருவோம். நாள், மாதம், ஆண்டு என்று எட்டு இலக்கத்தில் எழுதுங்கள். 02.02.2020, 12.02.2021, 22.02.2022. மூன்றையும் புள்ளி இல்லாமல் திருப்பிப் படித்தால் அதேதான் வரும். இந்த நூற்றாண்டில் இப்படி எத்தனை திகதி?

பாதியைப் பார்த்தால் மீதி தெரியும் என்று படித்தோம். 2000 முதல் 2099 வரை எல்லா ஆண்டும் 20இல் தொடங்கும். திருப்பினால் 02. ஆகவே மாதம் எப்போதும் பிப்ரவரிதான்! ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தைத் திருப்பினால் நாள். ஆக, பிப்ரவரியில் எத்தனை நாளோ அத்தனை திகதி. 28ஆ, 29ஆ? 29ஆம் நாளுக்குரிய ஆண்டு 2092. அது 4ஆல் வகுபடும் லீப் ஆண்டு. அதனால் 29.02.2092 உண்டு. மொத்தம் 29 திகதிகள்.

அடுத்தது 03.02.2030. அன்று ஞாயிற்றுக்கிழமை. நமக்கு வகுப்பு இருக்கும், எல்லாரும் வந்து சேருங்கள்.

போட்டுப் பாருங்கள்

1. 5இல் தொடங்கி 5இல் முடியும் மூன்று இலக்க மாலைமாற்று எண்கள் எத்தனை?
2. 1 முதல் பத்து லட்சம் வரை மாலைமாற்று எண்கள் எத்தனை?
3. 24 மணி நேரக் கடிகாரத்தில் 12:21 போல மாலைமாற்றாக வரும் நேரங்கள் ஒரு நாளில் எத்தனை? (00:00உம் சேரும்.)
4. மலாயில் தவளைக்கும் இரவுக்கும் உள்ள சொற்களை ரூமி எழுத்தில் எழுதித் திருப்பிப் பாருங்கள். என்ன தெரிகிறது?
5. வீட்டில் யாராவது நம்பர் எடுக்கும் பழக்கம் உள்ளவரா? அவரிடம் சண்டை போட வேண்டாம். வாரத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டு, 52ஆல் பெருக்கி, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

விடைகள்: 1) நடு இலக்கம் மட்டுமே நம் கையில், ஆகவே 10. 2) 9 + 9 + 90 + 90 + 900 + 900 = 1,998. 3) மணியைத் திருப்பினால் நிமிடம் 60க்குள் வர வேண்டும், 00 முதல் 05 வரை 6, 10 முதல் 15 வரை 6, 20 முதல் 23 வரை 4, மொத்தம் 16. 4) இரண்டும் மாலைமாற்றுச் சொற்கள். 5) இதற்கு விடை உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.